கோபம் தொண்ணூறாவது நாளிலும் இருக்கட்டும்

பட்டப்பகலில் தெருவில் ஒருவரை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். மாலைக்குள் சிசிடிவி காட்சி எல்லார் கைபேசிக்கும் வந்துவிடும். உறவினர்கள் உடலை வாங்க மறுத்து அரசு மருத்துவமனை வாசலில் உட்காருவார்கள். சாலை மறியல் நடக்கும். ஆர்.டி.ஓ.வும் டி.எஸ்.பி.யும் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார்கள். ஓரிரு நாளில் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞர்களின் படம் வெளியாகும். தப்பியோடும்போது வழுக்கி விழுந்தார்கள் என்ற செய்தியைப் படித்து ஊரே கைதட்டும். நியாயம் கிடைத்துவிட்டது என்று கலைந்துபோவோம். வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

குற்றவியல் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுதலையாவது பெரும்பாலும் நீதிபதியின் இரக்கத்தால் அல்ல. பார்த்தவர் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவார், பதிவு அழிந்திருக்கும், அடையாளம் காட்டியது செல்லாது என்றாகிவிடும். ஆகவே உங்கள் கோபத்தை அடக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது நியாயமான கோபம். அதை வழக்கு முடியும்வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கண்ணெதிரே தாக்குதல் நடந்தால் முதல் வேலை காயம்பட்டவரைக் காப்பாற்றுவது. 108-க்கும் 112-க்கும் அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் ஆட்டோவில் ஏற்றி அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 'இது போலீஸ் கேஸ், அரசு மருத்துவமனைக்குப் போங்கள்' என்று தனியார் மருத்துவமனை திருப்பி அனுப்ப முடியாது. உயிர் காக்கும் சிகிச்சைதான் முதலில், சட்ட நடைமுறை பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

தாக்கியவனைப் பிடிக்கலாமா? பிடிக்கலாம். உங்கள் முன்னிலையில் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியத்தக்க குற்றத்தைச் செய்தவரைப் பொதுமக்களே பிடித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு, அப்படிப் பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அரிவாளை ஓங்கி வருகிறவனைத் தடுத்துத் தாக்குவது தற்காப்பு. அவன் கையைக் கட்டியபின் விழும் முதல் அடியே உங்கள் மீதான குற்றம். கும்பலின் கைகளுக்கு யார் குற்றவாளி என்று தெரியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரார் அடித்தார்கள். அறுபது வயதைக் கடந்த பெண்மணி செத்துப்போனார். வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைத் தவிர அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி போதுமானதாக இருந்தது. அடித்தவர்களும் தங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்கள்.

அன்றிரவு தூங்கப்போகும் முன் ஒரு தாளை எடுத்து, பார்த்ததை எழுதிவையுங்கள். எத்தனை மணி, நீங்கள் எங்கே நின்றீர்கள், தெருவிளக்கு எரிந்ததா, எத்தனை பேர், எந்தக் கையில் ஆயுதம், வண்டி எண்ணில் நினைவிருப்பது எவ்வளவு, யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேள்விப்பட்டதைக் கலக்காதீர்கள். நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது சில ஆண்டுகள் கடந்திருக்கும். இந்தத் தாள் உங்கள் நினைவுக்குக் கைகொடுக்கும். மறுநாளே காவல் நிலையம் போய் வாக்குமூலம் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கொடுத்தால், 'இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?' என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி.

சிசிடிவிதான் இன்று பல வழக்குகளின் உயிர். கடைகளில் இருக்கும் டிவிஆர் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். சில இடங்களில் இரண்டு வாரம்கூடத் தங்காது. ஆகவே கடைக்காரரிடம் அன்றே சொல்லிப் பதிவைக் காப்பாற்றச் செய்யுங்கள். எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று புலனாய்வு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த துண்டுக் காட்சி நீதிமன்றத்தில் நிற்காது. மூலப் பதிவும் அதற்குரிய சான்றிதழும் வேண்டும்.

சந்தேக நபரின் முகத்தைப் பகிர்வதை மட்டும் செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவன் தாக்கியிருந்தால், சிறையில் நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். சாட்சி அந்த முகத்தை ஏற்கெனவே கைபேசியில் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே இல்லை. நீங்கள் கோபத்தில் அனுப்பிய படம் அவனுடைய வழக்கறிஞருக்குக் கிடைத்த ஆயுதம்.

இனி மறியலுக்கு வருகிறேன். இழப்பீடு, அரசு வேலை, தூக்கு தண்டனை என்று கேட்கிறோம். துக்கத்தில் கேட்பதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதிகாரிகள் இறங்கிவந்து பேசும் அந்த ஓரிரு மணி நேரத்தில் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. எஃப்.ஐ.ஆர். நகல் (புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு ஈடாகாது). புலனாய்வு அதிகாரி யார் என்று எழுத்தில். சாட்சிகளுக்கு என்ன பாதுகாப்பு. குற்றப்பத்திரிகை எந்தத் தேதிக்குள். கடைசிக் கேள்விதான் முக்கியம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரத்தக்க குற்றங்களில், காவலில் இருக்கும் ஒருவர் மீது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் அவர் ஜாமீன் கேட்டு வெளியே வருவது உரிமையாகிவிடும். மற்றவற்றுக்கு 60 நாள். காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்துவையுங்கள். எழுபதாவது நாள் பத்துப் பேர் சேர்ந்து எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய் ஒரு மனு கொடுப்பதால் வழக்குக்கு வரும் பலம், முதல் நாள் ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும் வராது.

ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது பாதிக்கப்பட்டவர் தரப்பும் பேசலாம். லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. இழப்பீட்டுக்கும் அங்கேயே மனு கொடுக்கலாம். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாத வழக்கிலும் அந்த வழி திறந்திருக்கிறது.

மாவுக்கட்டைப் பார்த்து மகிழ்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அப்படியிருக்க அந்த உடைந்த கையால் வழக்குக்கு என்ன கிடைத்தது? எதிர்த்தரப்புக்கு ஒரு வாதம் கிடைத்தது, அவ்வளவுதான். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண்ணின் பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸார் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல், அவர்கள் வேண்டுமென்றே கொல்லும் நோக்கோடு சுடப்பட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அறிக்கை அளித்தது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக நிரூபிக்கும் வாய்ப்பு அன்று விடிகாலையிலேயே போய்விட்டது. சுடுவதுதான் தீர்வென்று பழகிய காவல்துறைக்குத் துப்புத் துலக்குவது மறந்துபோகும். அடுத்த முறை தவறான ஆள் சிக்கினால் சரிபார்க்க எந்த இடமும் இருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பயம். வெட்டியவன் அதே தெருக்காரன். அவன் அண்ணன் தினமும் உங்கள் வீட்டைக் கடந்து போகிறான். பயப்படுகிறவரைக் கோழை என்று சொல்லாதீர்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்பளித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் நாடு முழுவதும் சட்டமாகச் செல்லும். மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால், மிரட்டலின் அளவைப் பொறுத்துப் போலீஸ் ரோந்து, வீட்டுக்குக் கேமரா, நீதிமன்றத்துக்குத் துணையோடு போய்வரும் ஏற்பாடு, தற்காலிக இடமாற்றம் வரை உத்தரவிடலாம். மனு எழுத உதவுங்கள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திட்டத்தைவிடவும் சாட்சிக்குத் தைரியம் தருவது உடன் வரும் ஆட்கள். கொத்தனாரோ பூக்கார அம்மாவோ சம்மன் வாங்கிக்கொண்டு ஒரு நாள் கூலியை இழந்து தனியாக வந்து நிற்பார்கள். வாய்தா தள்ளிப்போகும். மறுமுறை வரும்போது வராந்தாவில் எதிர்த்தரப்பு ஆட்கள் சிரித்துக்கொண்டே நலம் விசாரிப்பார்கள். மூன்றாவது முறை அந்தச் சாட்சி பிறழ்ந்துவிடுவார். குடியிருப்போர் சங்கமோ, வணிகர் சங்கமோ, ஊர்ப் பெரியவர்களோ அன்று நான்கு பேராகக் கூடவந்து உட்கார்ந்தால், கூலி இழப்பைத் தங்கள் நிதியிலிருந்து கொடுத்தால், அந்த வராந்தாவின் காற்றே மாறிவிடும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். யார் எந்த வாய்தாவுக்குப் போவது என்று ஒரு நோட்டில் முறை எழுதிவைத்தால் போதும். வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த குற்றத்தைத் தடுக்கும் வேலையும் நமக்கு இருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தால் அவன் வழக்கு இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஊர் அவனைக் கைகழுவிவிடுவது வழக்கம். செயின் பறிப்பிலோ அடிதடியிலோ முதன்முறை சிக்கி வெளியே வரும் அப்படிப்பட்டவனை வாசலிலேயே வரவேற்க ரவுடிக் கும்பல் காத்திருக்கிறது. ஜாமீனுக்குப் பணமும் அவர்கள்தான் கட்டியிருப்பார்கள். அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு மெக்கானிக் பட்டறையிலோ ஐ.டி.ஐ.யிலோ இடம் பிடித்துக்கொடுக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அவனுக்கான நன்னடத்தை அலுவலர் யார் என்று விசாரியுங்கள். அவரோடு பேசி, வெளியே வரும் நாளுக்கு முன்பே அந்த இடத்தைத் தயார் செய்துவையுங்கள்.