முடிவறியாப் பதிவுகள்: வாழ்வுக்காலப் பகுப்பாய்வின் அடிப்படை

ஒரு நிகழ்வு நேரும்வரை கழியும் காலத்தை ஆராயும் புள்ளியியற் பிரிவு வாழ்வுக்காலப் பகுப்பாய்வு ஆகும். அந்நிகழ்வு இறப்பாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. நோய் மீளுதலாகவோ இயந்திரம் பழுதாதலாகவோ அமையலாம். ஆய்வு முடியும் நாளில் சிலருக்கு அந்நிகழ்வு நேர்ந்திராது என்பதே இங்கு எழும் தனிச் சிக்கல். அவர்களது காலம் இவ்வளவு என்று தெரியாது. இவ்வளவுக்கு மேல் என்பது மட்டும் தெரியும். இதனைத் ‘தணிக்கை செய்யப்பட்ட தரவு’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருள் மயக்கம் தரும். தணிக்கை என்பது ஒருவர் எண்ணிச் செய்யும் செயல். இங்கு எவரும் எதையும் நீக்கவில்லை. ஆதலின் ‘முடிவறியாப் பதிவு’ என்னும் தொடர் ஈண்டு ஆளப்படுகிறது.

1963இல் ஃபிரைரைக் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட இரத்தப் புற்றுநோய் ஆய்வு இதற்குத் தக்க சான்று. நோய் தணிந்த நிலையிலிருந்த இளம் நோயாளிகள் 42 பேர் இணை இணையாகப் பிரிக்கப்பட்டு, ஒருவருக்கு 6-மெர்காப்டோபியூரினும் மற்றவருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. வெற்று மாத்திரை பெற்ற 21 பேருக்கும் நோய் மீண்டது. இடைநிலைக் காலம் 8 வாரங்கள். மருந்து பெற்ற 21 பேரில் 9 பேருக்கே மீண்டது. எஞ்சிய 12 பேர் முடிவறியாப் பதிவுகள். அவருள் ஒருவர் 35 வாரங்கள் வரை நலமாக இருந்தவர்.

இப்பன்னிருவரை விலக்கிச் சராசரி கண்டால் ஏறத்தாழ 12 வாரங்களே வரும். அதாவது, மருந்தால் மிகுதியும் பயன்பெற்றோரை நீக்கிவிட்டு மருந்தை மதிப்பிடுவதாக முடியும். பதிவு நின்ற நாளிலேயே நோய் மீண்டதாகக் கொண்டாலும் சராசரி 17 வாரங்களைச் சற்றே தாண்டும். இதுவும் குறை மதிப்பீடே.

1958இல் காப்ளான், மேயர் இருவரும் வகுத்த முறை ஒவ்வொருவரையும் அவர் கண்காணிப்பில் இருந்த காலம்வரை மட்டும் கணக்கிற் கொள்கிறது. மருந்துக் குழுவில் 6ஆம் வாரம் 21 பேரில் மூவருக்கு நோய் மீண்டது. நோயின்றி நீடிக்கும் நிகழ்தகவு 18/21, அதாவது 0.857. அவ்வாரமே மற்றொருவரின் பதிவு முடிவறியாது நின்றது. எனவே 7ஆம் வாரம் எஞ்சியோர் 17 பேர். அவருள் ஒருவருக்கு மீண்டதால் 0.857ஐ 16/17ஆல் பெருக்க 0.807 கிடைக்கிறது. இவ்வாறு படிப்படியாக இறங்கும் கோடு 23ஆம் வாரத்தில் 0.448ஐ அடைந்து பாதிக்குக் கீழ் செல்கிறது. ஆகவே இடைநிலைக் காலம் 23 வாரங்கள்.

இடர்வீதம் என்பது அதுவரை நிகழ்வு நேராதோருக்கு அடுத்த கணத்தில் அது நேரும் வேகம். அது மாறாதது எனக் கொண்டால், மருந்துக் குழுவின் மொத்தக் கண்காணிப்பான 359 வாரங்களில் 9 நிகழ்வுகள், அதாவது வாரத்திற்கு 0.025, மற்றக் குழுவில் 182 வாரங்களில் 21, அதாவது 0.115. 1972இல் காக்ஸ் தம் இடர்வீத ஒப்பீட்டு முறையை விளக்கவும் இத்தரவையே எடுத்துக்கொண்டார்.

இக்கணக்குகள் அனைத்தும் ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றன: பதிவு நின்றமைக்கும் நோயின் போக்கிற்கும் தொடர்பிருத்தல் ஆகாது. ஆய்வுக்காலம் முடிந்ததால் நின்ற பதிவில் இவ்வையம் இல்லை. உடல்நிலை மோசமானதால் ஒருவர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்தியிருப்பின், அவரும் எஞ்சியோரைப் போன்றே நலமாயிருப்பவர் எனக் கணக்கு கொள்ளும். கோடு உண்மையினும் உயர்ந்தே நிற்கும்.