அஞ்சிய உள்ளத்திற்கு ஓர் இல்லம்

ஆதரவற்ற குழந்தையைத் தம் குழந்தையாக ஏற்று வளர்ப்பது உயர்ந்த அறம். ஆனால் அவ்வறத்தை மேற்கொண்ட குடும்பங்களுள் சில, ஓரிரு மாதங்களிலேயே திகைத்து நிற்கின்றன. ‘நல்ல உணவும் உடையும் அன்பும் தந்தோம், ஆயினும் இக்குழந்தை பொய் சொல்கிறது, உணவை ஒளித்து வைக்கிறது, அணைக்கச் சென்றால் விலகி ஓடுகிறது’ என்று வருந்துகின்றன. இதற்குக் காரணம் நன்றியின்மையா? அன்று, அச்சமே காரணம்.

அச்சத்தின் இயல்பு

பசித்து அழுதபோது எவரும் வாராத குழந்தையும், பலமுறை கைமாறி வளர்ந்த குழந்தையும், அடிபட்டு வளர்ந்த குழந்தையும் ஆபத்தை எதிர்பார்த்தே வாழப் பழகிவிடுகின்றன. ஆபத்து வேளையில் சுரக்கும் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள், உரத்த குரல் ஒன்றைக் கேட்டாலே அக்குழந்தையின் உடலில் பெருகக்கூடும். ‘இது பாதுகாப்பான வீடு’ என்று அறிவு அறிந்த பின்னும், உடல் அதை நம்ப நெடுங்காலம் ஆகிறது. தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைக்கும் குழந்தை திருடவில்லை. நாளைய பசிக்கு அஞ்சுகிறது.

இந்த அச்சம் மாறுமா? ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். காப்பகப் பராமரிப்பில் தொடர்ந்தவர்களைவிட இவர்களின் அறிவு வளர்ச்சியும், பெரியவர்களிடம் கொண்ட பற்றும் மேம்பட்டன. இளம் வயதிலேயே குடும்பத்தை அடைந்தவர்கள் அதிகப் பயன் பெற்றனர். ஆகவே குடும்பமே மருந்து. வயது கூடிய குழந்தைக்கு அம்மருந்து மெல்லவே பலிக்கும், அவ்வளவே.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. உணவு, உறக்கம், பள்ளி, விளையாட்டு ஆகியவற்றை நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைத்தல் வேண்டும். அடுத்து நிகழ்வது எது என்று அறிந்த குழந்தை அமைதி பெறுகிறது.

2. உணவை ஒளித்தால் கடிந்து கொள்ளாமல், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் பழமோ பொரியோ எப்போதும் வைத்திருக்கலாம்.

3. சீற்றம் கொள்ளும் வேளையில் அறிவுரை பயன் தராது. தனி அறையில் அடைப்பதும், அடிப்பதும் பழைய காயத்தையே கிளறும். அருகில் அமைதியாக அமர்ந்திருங்கள். தணிந்த பின்னர், செய்த தவற்றை எடுத்துக் கூறுங்கள்.

4. ‘திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவேன்’ என்று விளையாட்டாகவும் சொல்லாதீர்கள்.

5. தத்தெடுத்த உண்மையை வயதிற்கேற்ற எளிய சொற்களில் தொடக்கத்திலிருந்தே கூறி வாருங்கள். பெற்றவர்களை இழித்துப் பேசாதீர்கள். குழந்தை தன்னையே இழிவாக எண்ணும். தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள குழந்தை, மீண்டும் தன் பெற்றோரிடம் செல்ல நேரலாம் என்பதால் இது மேலும் முக்கியம்.

6. அணைப்பை வற்புறுத்தாதீர்கள். தலை வாரிவிடுதல், சேர்ந்து சமைத்தல், கதை சொல்லுதல் போன்ற சிறு செயல்களின் வழியே நெருக்கம் தானே வளரும்.

உதவி நாடுவதில் தயக்கம் வேண்டாம்

நம் நாட்டில் தத்தெடுத்த பின் 2 ஆண்டுகளுக்கு, 6 மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையின் நிலையைக் கண்டறிய விதிமுறை உள்ளது. இதைச் சோதனையாகக் கருதி இன்னல்களை மறைக்காமல், வருபவரிடம் மனம் திறந்து பேச வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் அணுகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குழந்தை மனநலத்திற்கெனத் தனித்துறை உள்ளது. 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். ஓயாது விழித்திருக்கும் பெற்றோருக்கும் ஓய்வு தேவை. பாட்டி, தாத்தா, சித்தி முதலானோர் முறை வைத்துத் துணை நின்றால் குடும்பம் தளராது.

இத்துணை கிடைக்காத சில குடும்பங்கள் மனம் உடைந்து, குழந்தையைத் திருப்பி ஒப்படைத்துவிடுகின்றன. அக்குழந்தைக்கு அது இரண்டாம் முறை கைவிடப்படுதல். ‘நான் அன்புக்குத் தகுதியற்றவன்’ என்னும் அதன் ஐயத்தை அது உறுதியாக்கிவிடும்.

குழந்தை நம்மைச் சோதிக்கும்போதெல்லாம் அதன் உள்ளம் கேட்பது ஒன்றே: ‘நான் இப்படி இருந்தாலும் நீங்கள் இருப்பீர்களா?’ கைம்மாறு கருதாமல், நாள்தோறும், சொல்லால் அன்றி இருப்பால் ‘இருப்போம்’ என்று விடை அளிப்போமாக.