27 புள்ளி கணக்கு

ரக்பியில சில நாள் ஜெயிச்சா மட்டும் போதாது. எவ்வளவு வித்தியாசம்ங்கறதுதான் கணக்கு.

2003 ஜனவரி 18. அயர்லாந்தின் லிமெரிக் நகரம், தோமண்ட் பார்க் மைதானம். ஹைனெகன் கோப்பை காலிறுதிக்குப் போக, மன்ஸ்டர் அணி இங்கிலாந்தின் கிளஸ்டரைக் குறைந்தது 27 புள்ளி வித்தியாசத்தில் வெல்லணும். கூடவே நாலு டிரை. நீங்க ரசிகரா இருந்தா நம்பியிருப்பீங்களா?

டிரைக்கு 5 புள்ளி, அதன் பிறகு உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2. கடைசி நேரத்தில் ஜான் கெல்லி நாலாவது டிரை போட்டார்: 31-6. வித்தியாசம் 25தான். மிச்சம் ஒரே உதை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. உதைப்பவர் எந்த அணியா இருந்தாலும் அரங்கமே அமைதியாகிடும். (நம்ம ஹாஸ்டல் டிவி ரூம்ல நடக்குமா?) கத்துறதைவிட இதுதான் பெரிய ஆதரவுன்னு எனக்குத் தோணுது.

ரோனன் ஓகாரா உதைத்தார். 33-6.