பவுத்திரம் என்று எண் போட்டுவிட்டால் பணம் கிடையாதா?

கேள்வி: என் கணவர் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறார். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கட்டி பழுத்து, உட்காரக்கூட முடியாமல் போய், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மயக்க ஊசி போட்டுக் கீறி சீழ் எடுத்தார்கள். இரண்டு நாள் இருந்தோம், ரூ. 46,000 செலவு. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி எடுத்து 14 மாதம் ஆகிறது. "பவுத்திரத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்" என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். டாக்டரோ, "தோலில் வந்த சீழ்க்கட்டிதான்" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "பவுத்திரமா?" என்று கேள்விக்குறியோடு ஒரு வரியும், கே 60.3 என்று ஓர் எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணை மாற்றித் தரச் சொல்லலாமா? இடம் இப்படிப்பட்ட இடம் என்பதால் யாரிடமும் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிளியனூர்

பதில்: நீங்கள் எழுதியது அத்தனையும் ஆவணங்களில் அப்படியே இருந்தால், இந்தப் பணம் உங்களுக்கு வர வேண்டிய பணம்தான், சகோதரி. ஆனால் எண்ணை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. அதை மீறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு கெட்டுப்போகும்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், அதாவது ஐசிடி பத்தாம் பதிப்பில், உங்கள் கணவருக்கு வந்ததைப் போன்ற கட்டிக்கு மூன்று இடங்கள் உண்டு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியின் தோலில் வந்த சீழ்க்கட்டி என்றால் எல் 02.2. ஆசனவாயை ஒட்டிய சீழ்க்கட்டி என்றால் கே 61.0. குடலுக்கும் வெளித்தோலுக்கும் இடையே வழி உண்டாகிவிட்ட பவுத்திரம் என்றால் கே 60.3. உடம்பில் இரண்டு விரல்கடை தூரம். புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயம்.

கேள்விக்குறி எப்படி உறுதியான நோயாக மாறியது? சிகிச்சை முடியும்போதும் நோய் "சந்தேகம்" என்றே எழுதப்பட்டு, வேறு விவரம் இல்லையென்றால், அதை உறுதியானதாகவே பாவித்துக் குறியீடு போடச் சொல்கிறது அந்த வகைப்பாட்டின் வழிகாட்டி. பில் பிரிவில் இருந்தவர் அந்த விதிப்படியே எண் போட்டிருக்கலாம். ஆனால் அந்த விதி நோய்க் கணக்கெடுப்புக்காக எழுதப்பட்டது. இந்த வகைப்பாட்டுக்கே மூலம், 1893-இல் ஏற்கப்பட்ட மரணக் காரணப் பட்டியல்தான். எத்தனை பேருக்கு என்ன நோய் என்று எண்ணுவதற்கு அது போதும். ஒரு குடும்பத்துக்குப் பணம் உண்டா இல்லையா என்று தீர்க்க அது போதாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், கிளெய்ம் மேசையில் இருப்பவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டுக் கோப்பைத் திறக்காமலே மூடிவிடுவதுதான்.

பாலிசி என்ன சொல்கிறது? 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் மூலம், வெடிப்பு, பவுத்திரம் ஆகியவை இருக்கின்றன. சீழ்க்கட்டி இல்லை. எல் 02.2 ஆனாலும் கே 61.0 ஆனாலும் உங்களுக்குத் தடை இல்லை. விலக்குப் பிரிவு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. 2007-இல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கிலும், 2022-இல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு கேள்விக்குறி நிரூபணம் ஆகாது.

நிரூபணம் இருப்பது ஆபரேஷன் குறிப்பில். மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, உள்நோயாளிக் கோப்பு முழுவதற்கும் நகல் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கைக்கு வந்ததும் ஆபரேஷன் குறிப்பைப் படித்துப் பாருங்கள். "கீறி சீழ் வெளியேற்றப்பட்டது" என்பதோடு முடிகிறதா? அல்லது கம்பி செலுத்திப் பார்த்தோம், குடலில் உள்வாய் இருந்தது, செட்டான் நூல் கட்டினோம் என்று வருகிறதா? முன்னது உங்களுக்குச் சாதகம், பின்னது பவுத்திரம். சீழைக் கல்ச்சருக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் வாங்குங்கள். குடலில் வாழும் கிருமி வளர்ந்திருந்தால் பவுத்திரம் இருக்க வாய்ப்பு கூடும் என்று கம்பெனியின் டாக்டர் வாதிடுவார். தோல் கிருமி என்றால் அந்த வாதம் நிற்காது.

குறிப்பு உங்களுக்குச் சாதகமாக இருந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள், பில் கவுண்டரில் அல்ல. கட்டி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது, பவுத்திர வழி தென்பட்டதா இல்லையா என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட விளக்கக் கடிதம் வாங்குங்கள். பழைய சம்மரி அப்படியே இருக்கட்டும். திருத்தம் தனித் தாளில் வரட்டும். கிளெய்ம் படிவத்தின் இரண்டாம் பகுதியை நிரப்புவது மருத்துவமனைதான். ஐசிடி எண் கேட்கும் கட்டம் அங்கேதான் இருக்கிறது. அதையும் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் டாக்டர் உண்மையிலேயே பவுத்திரத்தைக் கண்டிருந்தால் எண்ணை மாற்றச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். அது மோசடி, இந்த 46,000 மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகலாம்.

அடுத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே 29 சுற்றறிக்கைப்படி, கிளெய்ம் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எதையும் நிராகரிக்கக் கூடாது. பாலிசியின் எந்தப் பிரிவின் கீழ் என்றும் சொல்ல வேண்டும். குழு ஒப்புதல் அளித்ததா என்று கடிதத்திலேயே கேளுங்கள். ஆணையத்தின் 155255 என்ற தொலைபேசி எண்ணிலும் புகார் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுத்தார்கள் என்றால், சென்னை அண்ணாசாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மனுக்கு மனுப் போடுங்கள். கட்டணம் இல்லை. வக்கீல் அங்கே அனுமதியே இல்லை. பாலிசி உங்கள் கணவர் பெயரில் இருந்தால் அவரே கையெழுத்திட்டு அவரே பேசலாம். ரூ. 50 லட்சம் வரை ஓம்பட்ஸ்மனின் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அது பிடிக்காவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; உங்கள் பிரீமியத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

மனுவில் இடத்தின் பெயரை மழுப்பி எழுதாதீர்கள். "மறைவிடத்தில் கட்டி" என்று எழுதினால் கம்பெனி தனக்கு வசதியான இடத்தை வைத்துக்கொள்ளும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில், தோலில் என்று அப்படியே எழுதுங்கள். கெடுவையும் மறக்காதீர்கள்: ஓம்பட்ஸ்மனிடம் போக, கம்பெனியின் கடைசி மறுப்பிலிருந்து ஓர் ஆண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. நிராகரிப்புக் கடிதத்தின் தேதியை இன்றே பார்த்து வையுங்கள்.