மஞ்சப்பைக்கும் ஒரு ஜாதகம் உண்டு!

"பிளாஸ்டிக் கவர் கெட்டது, துணிப்பை நல்லது" என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. சரி, துணிப்பை எவ்வளவு நல்லது? டிப்ளமோ படிக்கிற நாம் அளந்து பார்க்க வேண்டாமா?

அந்த அளவுகோல்தான் லைஃப் சைக்கிள் அசெஸ்மென்ட், சுருக்கமாக எல்.சி.ஏ. ஒரு பொருள் கருவறையிலிருந்து கல்லறை வரை இயற்கையிடம் வாங்கியது என்ன, திருப்பி விட்டது என்ன என்கிற வரவு செலவுக் கணக்கு. 1997-ல் வந்து 2006-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 14040 இதற்கு நான்கு படிகள் சொல்கிறது.

1. நோக்கமும் எல்லையும்: எதற்காகக் கணக்கு, எதுவரை கணக்கு? ஒரு பைக்கு ஒரு பை என்று ஒப்பிட்டால் தப்பு. 'ஒரு மாத மளிகையை வீடு சேர்ப்பது' என்று வேலையை வைத்து ஒப்பிட வேண்டும். இதுதான் செயல் அலகு.

2. பட்டியல்: பருத்திக்குத் தண்ணீர், உரம், நூற்பாலைக்கு மின்சாரம், சாயம், லாரிக்கு டீசல். எல்லாவற்றையும் அளவோடு எழுத வேண்டும்.

3. தாக்கம்: பட்டியலைப் புவி வெப்பம், நீர் மாசு என்று பிரிப்பது. உதாரணமாக, 1 கிலோ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

4. விளக்கம்: எந்தக் கட்டத்தில் சுமை அதிகம், முடிவை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பது.

இப்போது ஓர் அதிர்ச்சி. 2011-ல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வுப்படி, புவி வெப்பக் கணக்கில் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பையை ஜெயிக்க, பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும்! வாரம் ஒரு தடவை என்றால் இரண்டரை வருஷம். சுமையில் பெரும்பங்கு மூலப்பொருளிலும் தயாரிப்பிலும்தான். லாரிப் பயணத்தில் கொஞ்சம்தான்.

அப்படியானால் பிளாஸ்டிக்கே தேவலையா? அவசரப்படாதீங்க! அந்த ஆய்வின் எல்லைக்குள் தெருக்குப்பை வரவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் மணலில் பாதி புதைந்து கிடக்கும் கவர் அந்த 131-ல் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை இது. கவரை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்கும் ஆமைக்கு எந்தக் கட்டத்தில் இடம்? எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ, விடையும் அங்கேதான் மாறுகிறது.

ஆகவே நான் கற்றது இதுதான்: துணிப்பை வாங்குவதால் மட்டும் நல்லதாகிவிடாது, திரும்பத் திரும்பத் தூக்கினால்தான் நல்லது. கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்கிய தாம்பூலப் பைகள் எங்கள் வீட்டு பீரோவில் மடிப்புக் கலையாமல் தூங்குகின்றன. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அவை அத்தனையும் கடன்பட்ட பைகள்.

பிரிட்டன் கணக்கு நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது. நம் பையின் எடை வேறு, மின்சாரம் வேறு. செங்கல்பட்டு மளிகைக் கடையில் நிற்கும் மஞ்சப்பைக்கு எத்தனை தடவை? இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்களே, தராசும் கால்குலேட்டரும் எடுங்கள்!