ஒற்றைப் பலகைக் கணிப்பொறியின் நலம் நாடல்

முன்னுரை

நாடி பார்த்த பின்னரே மருத்துவர் மருந்து தருவார். கணிப்பொறிக்கும் இம்முறை பொருந்தும். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறிகளுள் புகழ்பெற்றது, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-இல் இங்கிலாந்தில் வெளியிடப்பெற்ற ராஸ்பெர்ரி பை ஆகும். காரைக்குடிக் கோடையில் இத்தகைய கருவி தளர்வுற்றால், காரணத்தை ஷெல் நிரலால் அறியும் முறையினை இக்கட்டுரை விளக்குகிறது.

ஷெல் நிரல்

ஷெல் என்பது நம் கட்டளைகளை ஏற்று இயக்குதளத்திடம் சேர்ப்பிக்கும் மென்பொருள். தனித்தனியே தட்டச்சிடும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைப்பின் அதுவே ஷெல் நிரலாகும்.

காணத்தக்கவை

முதலாவது வெப்பம். லினக்ஸ் இயக்குதளம் செயலியின் வெப்பநிலையை ஒரு கோப்பின்வழிக் காட்டுகிறது. அதில் 62000 என்றிருப்பின், ஆயிரத்தால் வகுத்து 62 பாகை செல்சியஸ் எனக் கொள்ளல் வேண்டும். 80 பாகையைக் கடப்பின் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இரண்டாவது மின்னழுத்தம். இப்பலகைக்கு 5 வோல்ட் தேவை. தரமற்ற மின்கம்பியால் அஃது ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பலகை அதனைக் குறித்துக்கொள்ளும்.

எண் உரைக்கும் செய்தி

'வீசீஜென்கமாண்ட்' என்னும் கட்டளை இக்குறிப்புகளைப் பதினாறடிமான எண்ணாகத் தருகிறது. அவ்வெண்ணின் வலக்கோடி இலக்கம் இன்றைய நிலையையும், வலமிருந்து ஐந்தாம் இலக்கம் கருவியை இயக்கியது முதல் நேர்ந்தவற்றையும் உணர்த்தும். 1 மின்னழுத்தக் குறைவு. 2 வேக வரம்பு. 4 வேகக் குறைப்பு. 8 மென்வெப்ப வரம்பு. 5 என்பது ஒன்றும் நான்கும் சேர்ந்தது. ஆகவே 50005 எனில் மின்னழுத்தக் குறைவும் வேகக் குறைப்பும் முன்பும் நேர்ந்தன, இப்போதும் உள்ளன. 50000 எனில் முன்பு நேர்ந்தன, இப்போது இல்லை. 0 எனில் குறை ஏதும் பதிவாகவில்லை.

பதிவின் இன்றியமையாமை

கருவி நின்றவுடன் அதனை அணைத்து மீண்டும் இயக்குவதே பலரது வழக்கம். அவ்வாறு செய்யின் அக்குறிப்புகள் அழிந்துபோகும். குற்றம் மின்கம்பியினதாக இருக்க, பழி மாணவர் எழுதிய நிரலின்மேல் விழும். எனவே ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நாள், நேரம், வெப்பம், நிலை எண் ஆகியவற்றை ஒரு கோப்பின் இறுதியில் சேர்க்குமாறு ஷெல் நிரலை அமைத்து, 'கிரான்' என்னும் கால ஏற்பாட்டில் இணைத்தல் நலம். மறுமுறை இயக்கினும் அப்பதிவு நிலைத்திருக்கும்.

முடிவுரை

உறங்குமுன் அன்றைய செயல்களைக் கணக்கிட்டுப் பார்க்குமாறு நம் பெரியோர் கூறுவர். சான்றின்றிப் பிறர்மேல் குறை கூறலாகாது என்பதும் அவர்தம் அறிவுரையே. சில வரிகளால் ஆன ஷெல் நிரல் இவ்விரண்டையும் ஆய்வுக்கூடத்தில் நமக்குப் பயிற்றுவிக்கிறது எனலாம்.