மேலே ஏறியதைக் கீழே இறக்குங்கள்

உத்தனப்பள்ளியிலும் சுற்றுவட்டாரத்திலும் சீகோங்கும் தியானமும் பழகத் தொடங்கும் இளையவர்களுக்கு

பிள்ளைகளே,

நீங்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "உடம்பு அசந்து போகுது, ஆனா படுத்தா தூக்கம் வரல, என்ன செய்யறது?" பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுகிறவர் கேட்கிறார். செல்போன் பாகம் செய்யும் ஆலையில் லைனில் நிற்கும் பெண் கேட்கிறாள். ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவரும் அதையேதான் கேட்கிறார். கம்ப்ரசரை நிறுத்திவிட்டாலும் டேங்கில் அழுத்தம் அப்படியே நிற்கும். வால்வைத் திறந்தால்தான் முள் கீழே வரும். ஷிப்ட் முடிந்து வீடு வந்த உடம்பும் அப்படித்தான் இருக்கிறது. நின்ற நேரத்தின் இறுக்கம், டார்கெட்டின் பதற்றம், சூப்பர்வைசரின் குரல் எல்லாம் தலைக்கும் தோளுக்கும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை இறக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஒவ்வொன்றையும் செய்து பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

1. இது என்ன என்று தெரிந்து தொடங்குங்கள்.

சீகோங் என்பது மெல்லிய அசைவு, மூச்சு, கவனம் மூன்றையும் ஒன்றாக இணைக்கும் சீனப் பயிற்சி. அதற்கு வயது அதிகம். சீனாவின் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1970-களில் திறந்தபோது, உடற்பயிற்சி செய்யும் 44 மனித உருவங்கள் வரைந்த பட்டுத்துணி கிடைத்தது. ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் அதில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் உரிய பயிற்சி இது என்பதற்கு அந்தத் துணியே சாட்சி. நோயெல்லாம் பறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கம் சீராகும், தோள் தளரும், கோபம் வரும்போது ஒரு மூச்சு இடைவெளி கிடைக்கும். இவ்வளவு கிடைத்தாலே வாழ்க்கை மாறும்.

2. ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

சீகோங் சொல்லித்தர அருகில் ஆள் கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். நம் நாட்டிலேயே அதற்கு நெருங்கிய உறவு உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, உழைத்துக் களைத்த குடும்பஸ்தர்களை மனத்தில் வைத்தே எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தார். கை, கால், மூச்சு, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குப்பிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல் என்று அது வரிசையாகப் போகும். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984-இல் ஆழியாறில் அறிவுத்திருக்கோயில் எழுந்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவருடைய முறையைச் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றங்கள் நடக்கின்றன. அங்கே போனாலும் சரி, சீகோங் பழகினாலும் சரி. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் யூடியூபில் பார்த்த இன்னொன்று என்று தாவாதீர்கள்.

3. கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஷிப்டோடு கட்டுங்கள்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழு என்று புத்தகம் சொல்லும். இரவு ஷிப்ட் முடித்து விடிந்தபின் வீடு சேருகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? நீங்கள் எப்போது எழுந்தாலும் அதுதான் உங்கள் விடியல். எழுந்து, முகம் கழுவி, டீ குடிக்கும் முன் பயிற்சி. வாராவாரம் ஷிப்ட் மாறும்போது மணி மாறட்டும், இந்த வரிசை மாற வேண்டாம். இரவு வேலை முடிந்து வந்தவர்கள் தூங்கும் முன் உட்கார்ந்து செய்யும் பகுதியை மட்டும் செய்யுங்கள். அசைவுகளை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

4. இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நம் பக்கத்துக் காலைக் குளிரும் பனியும் பழகுவதற்கு ஏற்றவைதான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் ராகி கதிர் முற்றும்போது சானமாவு காட்டுக்கு யானைக்கூட்டம் வந்து தங்கும். அந்த மாதங்களில் இருட்டோடு ஏரிக்கரைக்கும் தோட்டத்துக்கும் தனியாகப் போய் நிற்காதீர்கள். வனத்துறை எச்சரிக்கை விட்டால் வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். பசுமைக்குடிலில் மருந்து அடித்த அன்று அதன் அருகில் ஆழமாக மூச்சு இழுப்பது நல்லதல்ல. கல் லாரி ஓடும் சாலையோரமும் வேண்டாம். மொட்டை மாடி, திண்ணை, ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் இடம் போதும். இரண்டு கையையும் நீட்டினால் எதிலும் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான் தேவை.

5. பத்து நிமிடம், ஒரு மண்டலம்.

முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காருகிறவர் மூன்றாம் நாள் காணாமல் போவார். பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதை 48 நாள், ஒரு மண்டலம், கூட்டாமல் குறைக்காமல் செய்யுங்கள். இன்னும் செய்யலாம் போலிருக்கிறதே என்ற ஆசை இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். மறுநாள் உங்களைப் பாய்க்கு அழைத்து வருவது அந்த ஆசைதான்.

6. முதலில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறேன், இங்கேயும் நிற்பதா என்று கேட்பீர்கள். அங்கே முழங்காலைப் பூட்டி, ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிறீர்கள். இங்கே நிற்பது வேறு. பாதங்களைத் தோள் அகலத்தில் இணையாக வையுங்கள். முழங்காலின் பூட்டை அவிழ்த்து லேசாகத் தளர்த்துங்கள். இடுப்பு கீழே தொங்கட்டும், உச்சந்தலை மேலே நிமிரட்டும். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடட்டும். கைகளை மரத்தை அணைப்பதுபோல் வயிற்றுக்கு நேரே உயர்த்துங்கள். தோள் ஏறினால் கையை இறக்குங்கள். முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும். தொடை நடுங்கினால் பயப்பட வேண்டாம். முழங்கால் வலித்தால் உடனே நிமிர்ந்துவிடுங்கள்.

7. எட்டு அசைவுகளில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

சோங் அரசர்கள் காலத்திலிருந்து சீனாவில் வழங்கும் பா துவான் ஜின் என்ற வரிசையில் எட்டு அசைவுகள் உண்டு. தொடங்குகிறவருக்கு முதலும் கடைசியும் போதும். முதல் அசைவில் விரல்களைக் கோத்து, மூச்சை இழுத்தபடி உள்ளங்கைகளை வானம் பார்க்க உயர்த்தி, மூச்சை விட்டபடி பக்கவாட்டில் இறக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த முதுகுக்கு இது மருந்து. கடைசி அசைவில் குதிகாலை உயர்த்தி, ஒரு கணம் நின்று, லேசாகத் தட்டும்படி தரையில் விட வேண்டும், ஏழு முறை. இடுப்பு, முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர்கள் குதிகாலைத் தட்டாமல் மெல்ல இறக்குங்கள். எட்டையும் அவசரமாக முடிப்பதைவிட இந்த இரண்டைக் கவனத்தோடு செய்வது மேல்.

8. மூச்சை அடக்காதீர்கள், நீளமாக விடுங்கள்.

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மெதுவாக்கி ஆறு முறை அளவுக்குக் கொண்டுவந்தால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்கும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. அதனால்தான் பெருமூச்சு விட்டால் ஆறுதலாக இருக்கிறது. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், மூக்கு வழியாகவே. திருமூலர் 16 மாத்திரை இழுத்து, 64 நிறுத்தி, 32 விடச் சொல்லியிருக்கிறாரே என்று சிலர் நேராக அங்கே போய்விடுகிறார்கள். அது குருவின் அருகில் இருந்து, உடம்பைத் தயார் செய்த பிறகு செய்வது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மூச்சை நிறுத்திப் பழகவே கூடாது.

9. உட்கார்ந்ததும் வெண்ணெயை உருகவிடுங்கள்.

கண்ணை மூடினால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது என்பீர்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். ஜப்பானில் ஹகுயின் என்ற ஜென் துறவி (1686–1769) இளமையில் தவத்தை முறுக்கிச் செய்து நோயில் விழுந்தார். சூடு தலைக்கு ஏறியது, பாதங்கள் பனிக்கட்டியாயின, நிம்மதி போயிற்று. கியோட்டோ மலைக் குகையில் வாழ்ந்த ஹகுயூ என்ற முதியவர் தனக்கு வழி சொன்னதாக 1757-இல் வெளியான தன் நூலில் ஹகுயின் எழுதியிருக்கிறார். வழி இதுதான். வாத்து முட்டை அளவு நறுமண வெண்ணெய் உருண்டை உச்சந்தலையில் இருப்பதாக நினை. உடம்பின் சூட்டில் அது மெல்ல உருகி இறங்கட்டும்.

அப்படியே செய்யுங்கள். நெற்றி நனைகிறது, புருவச் சுருக்கம் விரிகிறது. தாடை தளர்கிறது. இரண்டு தோளிலும் வழிகிறது, அங்கே ஏறியிருந்த பாரத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. மார்பு, வயிறு, இடுப்பு, தொடை, முழங்கால் என்று இறங்கி உள்ளங்காலுக்கு வந்து சேருகிறது. அவசரப்படாமல் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி தெளிவாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அந்த இடம் வெதுவெதுப்பாகிறதா, தளர்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எண்ணெய்க் குளியல் தெரிந்த நமக்கு இந்தப் பாவனை சுலபமாகவே வரும். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காருங்கள். பாதம் தரையில் பதிந்திருந்தால் போதும்.

10. உங்கள் காட்சியை உங்கள் ஊரிலிருந்தே எடுங்கள்.

வெண்ணெய் பழகிய பிறகு வேறு காட்சியும் வைத்துக்கொள்ளலாம். பார்க்காத பனிமலையும் கடற்கரையும் வேண்டாம். நீங்கள் நிழலில் உட்கார்ந்த புளியமரத்தை நினையுங்கள். நிற்கும்போது அதன் வேர்கள் உங்கள் பாதத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கட்டும். மழை நின்ற மறுநாள் ஏரியை நினையுங்கள். கலங்கிய மண் அடியில் படியட்டும். தேர்ந்தெடுக்க இரண்டு விதி சொல்கிறேன். ஒன்று, காட்சியில் இறங்குதலோ படிதலோ இருக்க வேண்டும். இரண்டு, அதில் மனிதர்கள் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண்கள் அம்மா முகத்தை நினைத்து உட்கார்ந்தால் அமைதிக்குப் பதில் அழுகைதான் வரும். வீட்டை நினைக்க வேண்டுமானால் வாசல் வேப்பமரத்தை நினையுங்கள். எடுத்த காட்சியை ஒரு மண்டலத்துக்கு மாற்றாதீர்கள்.

11. தலை கனத்தால் நிறுத்துங்கள்.

நெற்றி நடுவில் கவனம் வைத்து உட்காருகிறவர்களுக்குச் சில நாட்களில் தலை பாரமாகும், தூக்கம் கெடும். மனவளக்கலையில் அதற்கென்றே சாந்தி தவம் இருக்கிறது: கவனத்தை முதுகுத் தண்டின் அடியில் இருக்கும் மூலாதாரத்துக்கு இறக்குவது. சீகோங்கில் தொப்புளுக்குக் கீழே இறக்குகிறார்கள். இரண்டு மரபும் தனித்தனியே கண்ட உண்மை ஒன்றுதான்: ஏற்றத் தெரிந்தவருக்கு இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும். குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்றினால் பயிற்சியை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். சீகோங்கை அளவுமீறிச் செய்தவர்களுக்கு மனம் பேதலிப்பது உண்டு என்று 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டிலேயே குறித்தது. முன்பே மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

12. முடித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அலாரம் அடித்ததும் துள்ளி எழுந்து போனைக் கையில் எடுக்கிறார்கள். இறக்கியதெல்லாம் மறுபடி ஏறிவிடுகிறது. கடைசி ஒரு நிமிடம் இரண்டு உள்ளங்கைகளையும் தொப்புளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கைச்சூடு வயிற்றுக்குள் போவதைக் கவனியுங்கள். பிறகு கைகளைத் தேய்த்து முகம், கழுத்து, இடுப்பு, முழங்கால் வரை தடவிவிட்டு எழுந்திருங்கள். "வாழ்க வளமுடன்" என்று சொல்லி முடிக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதைச் சொல்லுங்கள். நேற்று உங்களைத் திட்டியவரையும் சேர்த்துச் சொன்னால் அந்த நாளே லேசாகும்.

13. முன்னேற்றத்தை வீட்டில் அளந்து பாருங்கள்.

ஒளி தெரிந்ததா, உடம்பு மிதந்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் எரிச்சல் குறைந்திருக்கிறதா? பஸ்ஸில் சண்டை வரும்போது தோள் ஏறுவது உங்களுக்கே தெரிகிறதா? தெரிந்ததும் ஒரு நீள மூச்சு விடத் தோன்றுகிறதா? அவைதான் அளவுகோல். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். வழக்கமான பத்து நிமிடத்தையே செய்யுங்கள். ஓவர்டைம் இழுத்த நாளில் படுக்கையில் கிடந்தபடி வெண்ணெயை மட்டும் உருகவிடுங்கள். அதுவும் பயிற்சிக் கணக்கில் சேரும்.

முதல் வாரத்துக்கு இவ்வளவு போதும்: இரண்டு நிமிடம் நிற்பது, இரண்டு நிமிடம் அந்த இரண்டு அசைவு, ஐந்து நிமிடம் வெண்ணெய், ஒரு நிமிடம் வயிற்றில் கை. ஆள் துணை இருந்தால் நிலைக்கும். அறைத்தோழியையோ வீட்டுக்காரரையோ பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். அடுத்த முறை தூங்கி எழும்போது, டீக்கு முன், தொடங்கிவிடுங்கள்.